பன்றிக்குட்டியின் முதல் நாள்: ஒவ்வொரு வயிற்றுக்கும் சீம்பால் சேர்ப்பது எப்படி

ஓர் ஆராய்ச்சிப் பண்ணையில் இரவுப் பதிவாளராகத்தான் நான் பன்றிகளிடம் வந்து சேர்ந்தேன். ஒரு ஸ்டூல், ஒரு தராசு, ஒரு நோட்டு, ஒரு மார்க்கர் பேனா. குட்டி வெளியே வந்ததும் நேரத்தை எழுத வேண்டும். எடை போட்டு, முதுகில் வரிசை எண் எழுதி, விழுந்த இடத்திலேயே வைத்துவிட வேண்டும். அதற்கு மேல் கை வைக்கக் கூடாது. உதவி செய்தால் அந்தச் சோதனையின் கணக்கு கெட்டுவிடும்.

மூன்று மாதம் அப்படிப் பார்த்துக்கொண்டே இருந்ததில் ஒன்று பிடிபட்டது. ‘தாய் நசுக்கிச் செத்தது’ என்று பகல் ஆட்கள் எழுதிவைத்த குட்டிகளில் பலவும் முதல் இரவிலேயே தோற்றுப்போனவை. நனைந்த உடம்போடு நடுங்கி, மடியைத் தேடிப் போக நேரமாகி, போன இடத்தில் பெரிய குட்டிகள் தள்ளிவிட, வயிறு காய்ந்து, சூட்டுக்காகத் தாயின் விலாவோடு ஒண்டிக் கிடந்து, தாய் புரண்டபோது விலகத் தெம்பில்லாமல் போனவை. எடை நோட்டில் அவை எல்லாம் முதல் நாளே இளைத்திருந்தன.

இப்போது எனக்கென்று 20 தாய்ப்பன்றிகள் இருக்கின்றன. கை வைக்கக் கூடாது என்று சொல்ல யாரும் இல்லை. அந்த ஆராய்ச்சிப் பண்ணையில் கற்றதையும், பிறகு தேடிப் படித்த ஆய்வுகளையும், என் கொட்டிலில் செய்து பார்த்ததையும் சேர்த்து, முதல் நாளை எப்படி நடத்துவது என்று இங்கே எழுதுகிறேன்.

ஏன் இத்தனை அவசரம்

பன்றியின் நஞ்சுக்கொடி தடித்தது. மனிதக் குழந்தைக்குத் தாயின் நோய் எதிர்ப்புப் புரதம் கருப்பையிலேயே கிடைத்துவிடும். பன்றிக்குட்டிக்கு அந்த வழி அடைப்பு. ஏறக்குறைய எந்தப் பாதுகாப்பும் இல்லாமல்தான் பிறக்கிறது. முழுப் பாதுகாப்பும் சீம்பால் வழியாக வாய்க்குள் போய், குடல் சுவரைத் தாண்டி ரத்தத்தில் சேர வேண்டும். அந்தக் குடல் கதவும் 24 முதல் 36 மணி நேரத்துக்குள் மூடிக்கொள்ளும். அதற்குப் பிறகு எவ்வளவு குடித்தாலும் வயிறு நிறையுமே தவிர, எதிர்ப்புப் புரதம் ரத்தத்துக்குப் போகாது.

இரண்டாவது, குளிர். பல பாலூட்டிகளின் குட்டிகள் பழுப்புக் கொழுப்பை எரித்து உடம்பைச் சூடாக வைத்துக்கொள்கின்றன. பன்றிக்கு அது கிடையாது. அந்தக் கொழுப்பை எரிய வைக்கும் மரபணு பன்றியின் வம்சத்தில் சுமார் 2 கோடி ஆண்டுகளுக்கு முன்பே சிதைந்துபோனது என்று 2006-இல் சுவீடன் ஆய்வாளர்கள் காட்டினார்கள். பிறந்த குட்டியின் உடம்பில் கொழுப்பே 1 முதல் 2 சதவீதம்தான். கல்லீரலிலும் தசையிலும் இருக்கும் கிளைக்கோஜன் என்ற சர்க்கரைச் சேமிப்பு ஒரு நாளுக்குள் தீர்ந்துவிடும். நடுங்கித்தான் சூடு உண்டாக்க வேண்டும், நடுங்க எரிபொருள் வேண்டும், எரிபொருள் சீம்பாலில் இருக்கிறது.

சரி, எவ்வளவு வேண்டும்? பிரான்ஸின் தேசிய வேளாண் ஆராய்ச்சி நிறுவனமாக இருந்த இன்ரா (2020 முதல் அதன் பெயர் இன்ரே) உட்பட பல இடங்களின் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில் கிடைத்த எல்லை இது: முதல் 24 மணி நேரத்தில் ஒரு குட்டிக்கு 200 கிராமுக்குக் குறைந்தால் சாவு வேகமாக ஏறுகிறது. 250 கிராம் கிடைத்தால் பிழைப்பதோடு நன்றாக வளரவும் செய்கிறது.

ஒரு தாய் அந்த ஒரு நாளில் தரும் சீம்பால் சராசரியாக மூன்றரைக் கிலோ அளவில் இருக்கும். சில தாய்கள் ஒன்றரைக் கிலோவோடு நிறுத்திவிடும், சில 6 கிலோவரை போகும். முக்கியமானது என்னவென்றால், குட்டிகள் அதிகமாகப் பிறந்ததால் சீம்பால் அதிகமாகச் சுரப்பதில்லை. அதனால் வகுத்துப் பாருங்கள். மூன்றரைக் கிலோவை 14 குட்டிக்குப் பகிர்ந்தால் தலைக்கு 250 கிராம். அதையே 18 குட்டிக்குப் பகிர்ந்தால் 194. சமமாகப் பகிர்ந்தால்தான் அந்த 194-கூட. கொட்டிலில் யாரும் சமமாகப் பகிர்வதில்லை. முதலில் பிறந்தது இரண்டு பங்கு குடித்துவிட்டுத் தூங்கும். நான் கீழே சொல்லும் ஒவ்வொரு வேலையும் இந்த வகுத்தல் கணக்கைச் சரிசெய்யத்தான்.

நாள் நெருங்கும் முன்

சினைக்காலம் 114, 115 நாள். நான் 109-ஆம் நாள் தாயைக் குட்டி ஈனும் அறைக்கு மாற்றுகிறேன். அறையைச் சோப்புத் தண்ணீரால் தேய்த்துக் கழுவி, கிருமிநாசினி அடித்து, நன்றாக உலரவிட்ட பிறகே தாய் உள்ளே வரும். கழுவுவதைவிட உலர விடுவதைத்தான் பலரும் தவறவிடுகிறார்கள். ஈரத் தரை குட்டியின் சூட்டை உறிஞ்சும், கழிச்சல் கிருமியையும் வளர்க்கும். தாயையும் குளிப்பாட்டி மடியைத் துடைத்து அனுப்புங்கள். குட்டி முதலில் வாய் வைக்கும் இடம் அதுதான்.

குட்டிக் கழிச்சலுக்கு எதிரான ஈ கோலி தடுப்பூசியைத் தாய்க்குத்தான் போட வேண்டும், குட்டி ஈனுவதற்குச் சில வாரங்கள் முன்பே. கால அட்டவணை மருந்துக்கு மருந்து மாறும், கால்நடை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அந்தத் தடுப்பூசியின் பலன் குட்டிக்குப் போகும் ஒரே பாதை சீம்பால். தடுப்பூசிக்குச் செலவு செய்துவிட்டு, கடைசியில் பிறந்த நான்கு குட்டிகளைப் பட்டினி போட்டால், அந்த நான்குக்கும் ஊசி போடாததற்குச் சமம்.

அறையில் இரண்டு தட்பவெப்பம் வேண்டும். தாய்க்கு 18 முதல் 20 டிகிரி சுகம். பிறந்த குட்டிக்கு 34 டிகிரி. அறை முழுவதையும் சூடாக்கினால் தாய் மூச்சிரைத்து, தீனி குறைத்து, பாலைக் குறைக்கும். அதனால் சூடு குட்டிகளின் மூலையில் மட்டும் இருக்க வேண்டும்: மூன்று பக்கமும் அடைத்த, மேலே மூடியுள்ள ஒரு பெட்டி, உள்ளே விளக்கு, தரையில் தடிப்பான விரிப்பு. முதல் இரவுக்கு மட்டும் இன்னொரு விளக்கைத் தாயின் பின்பக்கம், குட்டி விழும் இடத்துக்கு மேலே தொங்கவிடுகிறேன். விளக்கின் உயரம் சரியா என்று வெப்பமானி சொல்வதைவிடக் குட்டிகள் தெளிவாகச் சொல்லும். பக்கத்தில் பக்கமாகச் சாய்ந்து படுத்தால் சரி. ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் குவிந்தால் குளிர். விளக்கை விட்டு ஓரங்களில் சிதறிக் கிடந்தால் சூடு அதிகம்.

ஈனுவதற்கு முந்தைய நாளில் தாய்ப்பன்றி மண்ணைக் கிளறுவதுபோல் தரையைக் கிளறும், வாயில் எதையாவது கவ்விக்கொண்டு வரும். கூடு கட்டும் இயல்பு அது. காட்டுப்பன்றியிடமிருந்து அப்படியே வந்தது. கம்பிக்குள் பூட்டி, வாயில் கவ்வ ஒன்றும் இல்லாமல் விட்டால் தவித்துப்போகும். அந்தத் தவிப்பு ஈனும் வேலையையே இழுத்துவிடும். கைப்பிடி வைக்கோல் போதும், சாக்குத் துண்டானாலும் சரி. அது அந்த வைக்கோலை ஒதுக்கி, மூக்கால் தள்ளி, திரும்பத் திரும்ப அடுக்குவதைப் பாருங்கள். நான் 16 வருடமாகப் பார்க்கிறேன், இன்னும் அலுக்கவில்லை.

கடைசி வேளைத் தீனி

என் கொட்டிலில் செத்துப் பிறக்கும் குட்டிகளைக் குறைத்தவற்றில் இதுதான் முதலிடம், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

‘குட்டி போடப் போகிறது, தீனியை நிறுத்து’ என்றுதான் எனக்கும் முதலில் சொல்லிக்கொடுத்தார்கள். மலச்சிக்கல் வரும், மடி வீங்கும் என்ற பயம். டென்மார்க்கின் ஆர்ஹூஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இதைப் புரட்டிப் போட்டது. கடைசியாகத் தின்று மூன்று மணி நேரத்துக்குள் ஈனத் தொடங்கிய தாய்கள் விரைவாக முடித்தன. தின்று ஆறு மணி நேரத்துக்கு மேல் ஆன தாய்கள் இழுத்துக்கொண்டே போயின. அவற்றுக்குச் செத்துப் பிறந்த குட்டிகளும் அதிகம், உதவியும் அதிகம் தேவைப்பட்டது. காரணம் எளிது. கருப்பை ஒரு தசை. பல மணி நேரம் சுருங்கி விரிய அதற்கு ரத்தத்தில் சர்க்கரை வேண்டும். காலையில் தின்ற தாய் நள்ளிரவில் ஈனத் தொடங்கினால் பாதி வழியில் எரிபொருள் தீர்ந்துவிடுகிறது.

எந்த மணிக்குத் தொடங்கும் என்று நமக்குத் தெரியாது. அதனால் கடைசி மூன்று நாள் நான் அதே தீனியை நான்காகப் பிரித்து, இரவு 10 மணிக்கும் ஒரு வேளை போடுகிறேன். கூடவே நார்ச்சத்து. கோதுமைத் தவிடோ, பீட்ரூட் வகைச் சக்கையோ, எது கிடைக்கிறதோ அது. நார் மெல்லச் செரிப்பதால் ரத்தச் சர்க்கரை சட்டென்று இறங்காது, மலமும் இளகும். இறுகிய மலம் பிறப்புப் பாதையை நெருக்கும் என்பதால் அதுவும் இந்தக் கணக்கில் வருகிறது.

தண்ணீரை மறந்துவிட்டு நாரைக் கூட்டாதீர்கள். பாலூட்டும் தாய் நாளைக்கு 20 முதல் 40 லிட்டர் குடிக்கும். குடிகுழாயின் அடியில் ஒரு பாத்திரம் பிடித்து ஒரு நிமிடம் அழுத்திப் பாருங்கள். இரண்டு லிட்டர் வர வேண்டும். வராவிட்டால் குழாயைக் கழற்றி அடைப்பை எடுங்கள். ஒரு நிமிட வேலைதான்.

அன்றிரவு

கையில் இருக்க வேண்டியவை: உலர்ந்த துணிகள் நிறைய, அயோடின், 5 கிலோவரை காட்டும் தராசு, மார்க்கர், 20 மில்லி சிரிஞ்சுகள், நீண்ட கையுறை, வழவழப்புக்கான ஜெல், உடல் வெப்பமானி, மூடியுள்ள ஒரு பெட்டி, நோட்டு. கைபேசியில் நேரம் பார்ப்பதைவிடச் சுவரில் ஒரு கடிகாரம் நல்லது. கை எப்போதும் ஈரமாகவே இருக்கும்.

காம்பை லேசாக அழுத்தினால் பால் சொட்டாமல் பீய்ச்சி வருகிறதா? 12 முதல் 24 மணி நேரத்துக்குள் குட்டி வரும். கூடு கட்டுவதை நிறுத்திவிட்டுப் பக்கவாட்டில் அமைதியாகப் படுத்தால் மிக நெருங்கிவிட்டது என்று அர்த்தம்.

குட்டிக்கும் குட்டிக்கும் இடையில் சாதாரணமாக 15, 20 நிமிடம். நோட்டில் நேரம் எழுதியிருந்தால்தான் அடுத்தது தாமதமாகிறது என்பதே தெரியும். அரை மணி தாண்டினால் தாயை எழுப்பி மறுபக்கம் படுக்கவைக்கிறேன். நிறையத் தடவை அதுவே போதுமானதாக இருந்திருக்கிறது. முக்கால் மணி ஆகியும் தாய் முக்கிக்கொண்டே இருந்தால், நகம் வெட்டிய, கழுவிய, கையுறை போட்ட கையை ஜெல் தடவி மெதுவாக உள்ளே விட்டுப் பார்க்க வேண்டும். கை விட்ட தாயின் பெயருக்கு நேரே நோட்டில் ஒரு குறி போடுங்கள். அடுத்த இரண்டு நாள் காய்ச்சல் பார்க்க வேண்டிய தாய் அது.

கருப்பையைச் சுருங்கவைக்கும் ஆக்ஸிடோசின் ஊசி பற்றி மனம் திறந்து சொல்ல வேண்டும். நான் வேலை பார்த்த ஒரு பண்ணையில், இரண்டாவது குட்டி வந்ததும் எல்லாத் தாய்க்கும் ஊசி போடுவது வழக்கம். சொன்னபடி நானும் போட்டேன். குட்டிகள் வேகமாக வந்தன. மஞ்சள் மலம் பூசிக்கொண்டு, மூச்சில்லாமல் வந்தவையும் அதிகம். மெக்சிகோவில் 2000-களின் தொடக்கத்தில் நடந்த ஆய்வுகளைப் பல வருடம் கழித்துத்தான் படித்தேன். ஊசி, ஈனும் நேரத்தைக் குறைக்கிறது. ஆனால் கருப்பை இறுக்கிப் பிடிப்பதில் தொப்புள்கொடி நெரிந்து அல்லது அறுந்து, உள்ளே இருக்கும் குட்டிக்கு ஆக்சிஜன் நிற்கிறது. அன்று என் கையால் போட்ட ஊசிகளை நினைத்தால் இப்போதும் கஷ்டமாக இருக்கிறது. கையை விட்டுப் பாதையில் அடைப்பு இல்லை என்று உறுதி செய்யாமல் ஊசியைத் தொடாதீர்கள். மருத்துவர் சொன்ன அளவுக்கு மேல் ஒரு சொட்டும் வேண்டாம்.

குட்டி விழுந்ததும் வாய், மூக்கிலுள்ள சவ்வை எடுத்துத் துணியால் அழுத்தித் துடையுங்கள். நனைந்த குட்டியின் உடல் சூடு முதல் அரை மணி நேரத்தில் 2 டிகிரிக்கு மேல் இறங்கும். சின்னக் குட்டிக்கு இன்னும் அதிகம். துடைத்து உலர்த்தி விளக்கின் கீழ் வைத்தால் அந்த இறக்கம் நன்றாகவே குறைகிறது. மூச்சு வராத குட்டியைத் தலைகீழாகப் பிடித்துச் சுழற்ற வேண்டாம். விலாவைத் துணியால் தேய்த்து, மூக்கில் ஒரு வைக்கோல் நுனியை விட்டுக் கிச்சுகிச்சு மூட்டினால் தும்மலோடு மூச்சு வந்துவிடும். தொப்புள்கொடியை இழுக்காதீர்கள். தானாக அறுந்த பின் நுனியை அயோடினில் முக்கினால் போதும்.

எடை போட்டு, முதுகில் வரிசை எண் எழுதி, மடியின் முன்பகுதிக் காம்பில் கொண்டுபோய் வையுங்கள். ஈனும் சமயத்தில் சீம்பால் ஏறக்குறைய எப்போதும் கிடைக்கும். பிறகுதான், 40 நிமிடத்துக்கோ ஒரு மணிக்கோ ஒரு தடவை, 10, 20 நொடி மட்டும் பால் இறங்கும் முறைக்கு மாறுகிறது. எதிர்ப்புப் புரதத்தின் அடர்த்தியும் முதல் குட்டி பிறந்து 12 மணி நேரத்தில் ஏறக்குறைய பாதியாகிவிடுகிறது. 12-ஆவதாகப் பிறந்த குட்டி இரண்டு பக்கத்திலும் நஷ்டப்படுகிறது: மடியில் இடம் இல்லை, கிடைக்கிற பாலும் நீர்த்துவிட்டது.

பிரித்து ஊட்டுதல்

வரிசை எண் எழுதியது இதற்காகத்தான். எட்டுக் குட்டி வந்த பிறகு ஒவ்வொன்றாகத் தூக்கி வயிற்றைத் தொட்டுப் பாருங்கள். விலாவுக்கும் தொடைக்கும் நடுவே குழி விழுந்திருந்தால் பசி. உருண்டு நிற்குமானால் குடித்துவிட்டது. குடித்து நிறைந்த பெரிய குட்டிகளைச் சூடான பெட்டிக்குள் ஒன்று, ஒன்றரை மணி நேரம் அடைத்து வையுங்கள். மடி முழுவதும் பின்னால் பிறந்தவற்றுக்கும் சின்னவற்றுக்கும் கிடைக்கட்டும். பிறகு பெட்டியைத் திறந்து விடுங்கள். முதல் 12 மணி நேரத்துக்குள் இரண்டு தடவை இதைச் செய்கிறேன்.

செய்யக் கூடாதது: பசியோடு இருக்கும் குட்டியைப் பெட்டியில் அடைப்பது. எண்ணைப் பார்த்து ‘இது இரண்டாவது, குடித்திருக்கும்’ என்று முடிவு கட்டாதீர்கள். இரண்டாவதாகப் பிறந்து, வழி தெரியாமல் தாயின் தலைப் பக்கம் போய்ப் படுத்துக்கொண்ட குட்டிகளை நான் எத்தனையோ பார்த்திருக்கிறேன். கை வயிற்றைத் தொட்ட பிறகுதான் முடிவு.

உறிஞ்சத் தெம்பில்லாத குட்டிக்குக் கறந்து கொடுக்க வேண்டும். ஈனும் இடைவெளியில் தாய் தானாகவே பால் இறக்கும் நிலையில் இருப்பதால் கறப்பது சுலபம். மடியைத் துடைத்து, கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் காம்பின் அடியைப் பிடித்துப் பல காம்புகளிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக எடுங்கள். 40, 50 மில்லி போதும். ஒரு சின்னக் குட்டிக்கு ஒரு தடவைக்கு 15 மில்லி, முதல் 12 மணியில் மூன்று தடவை. உறிஞ்சும் அனிச்சை இருக்கிறதா என்று சுத்தமான விரலை வாயில் வைத்துப் பாருங்கள். இருந்தால் சிரிஞ்சால் நாக்கின்மேல் மெதுவாக விடலாம். இல்லாவிட்டால் இரைப்பைக் குழாய்தான் வழி. அதை மருத்துவர் பக்கத்தில் இருக்கும்போது கையால் செய்து பழகுங்கள். எழுத்தைப் படித்துக் கற்கும் வேலை இல்லை அது. தப்பினால் பால் நுரையீரலுக்குப் போய்விடும்.

இங்கே ஒரு வரிசை உண்டு, மாற்றாதீர்கள். விறைத்துப்போன குட்டிக்கு முதலில் சூடு, அப்புறம் பால். ஆசனவாயில் வெப்பமானி வைத்து 35 டிகிரிக்குக் கீழே காட்டினால், கழுத்துவரை வெதுவெதுப்பான தண்ணீரில் பிடித்து, துடைத்து, பெட்டியில் வைத்து, உடம்பு சூடான பிறகு ஊட்டுங்கள். குளிர்ந்த குடல் வேலை செய்யாது.

சீம்பாலின் தரத்தைப் பழச்சாற்றின் இனிப்பை அளக்கும் பிரிக்ஸ் மானியாலேயே பார்க்கலாம். ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தார் 2016-இல் இதைச் சோதித்து எல்லைகள் சொன்னார்கள்: 25-க்கு மேல் நல்லது, 20-க்குக் கீழ் மோசம். ஒரு சொட்டு, அரை நிமிடம். நான் ஒவ்வொரு தாய்க்கும் பார்த்து எழுதுகிறேன். 28, 30 காட்டும் தாயிடம் உபரி இருந்தால் கறந்து, 15 மில்லியாகப் பிரித்து உறையவைக்கிறேன். உருக்கும்போது 40 டிகிரி தண்ணீரில் சிரிஞ்சை மிதக்கவிட்டால் போதும். அடுப்பில் காய்ச்சவோ மைக்ரோவேவில் வைக்கவோ வேண்டாம். 60 டிகிரியை நெருங்கினால் எந்தப் புரதத்துக்காக இத்தனை பாடுபட்டோமோ அது கெட்டுப்போகும்.

எல்லாக் குட்டியையும் காப்பாற்ற முடியாது. நெற்றி செங்குத்தாக உருண்டு டால்பின் தலைபோல், கண் பிதுங்கி, வாயோரத்தில் சுருக்கம் விழுந்த குட்டி, கருப்பையிலேயே வளர்ச்சி தடைப்பட்டது. மூளை வளர்ந்த அளவுக்குக் குடலும் கல்லீரலும் வளர்ந்திருக்காது. எடை ஒரு கிலோவுக்குக் கீழ் இருந்தாலும் தலை வடிவம் சாதாரணமாக இருக்கும் குட்டிக்கு ஊட்டினால் பெரும்பாலும் தேறிவிடும். டால்பின் தலைக் குட்டிக்கும் நான் முதல் மூன்று தடவை ஊட்டத்தான் செய்கிறேன். 24 மணி நேரத்தில் எழுந்து காம்பைத் தேடாவிட்டால், அது துன்பப்படாமல் இருக்க மருத்துவரின் முடிவுப்படி நடக்கிறேன்.

மறுநாள்

முதல் குட்டி பிறந்து 24 மணி ஆனதும் மறுபடி எடை. சோம்பல்படாமல் செய்யுங்கள். நெப்ராஸ்காவில் உள்ள அமெரிக்க வேளாண் துறையின் ஆய்வு மையத்தில், குட்டியின் ஒரு சொட்டு ரத்தத்திலிருந்து எவ்வளவு எதிர்ப்புப் புரதம் சேர்ந்தது என்று அளக்கும் எளிய சோதனை ஒன்றை உருவாக்கியிருக்கிறார்கள். இம்யூனோகிரிட் என்று பெயர். அதற்கும் ரத்தத்தைச் சுழற்றிப் பிரிக்கும் ஓர் இயந்திரம் வேண்டும். தராசு நம் கையில் இருக்கிறது. எடை கூடியிருந்தால் குடித்திருக்கிறது. கூடவே இல்லை அல்லது இறங்கியிருக்கிறது என்றால், பார்க்க எவ்வளவு சுறுசுறுப்பாக இருந்தாலும் அந்தக் குட்டிக்கு உடனே ஊட்டுங்கள்.

குட்டிகளை வேறு தாய்க்கு மாற்றுவதென்றால் இப்போதுதான், 12 முதல் 24 மணி நேரத்துக்குள். அதற்கு முன் வேண்டாம். சீம்பாலில் எதிர்ப்புப் புரதத்தோடு தாயின் உயிருள்ள எதிர்ப்பு அணுக்களும் இருக்கின்றன. அவற்றைப் பெற்ற தாயிடமிருந்து மட்டுமே குட்டியின் குடல் ஏற்றுக்கொள்கிறது. 48 மணி தாண்டிய பிறகும் வேண்டாம். எந்தக் காம்பு யாருக்கு என்று அதற்குள் குட்டிகள் சண்டைபோட்டு முடிவு செய்துவிடும், காலியாக இருக்கும் காம்பும் வற்றத் தொடங்கியிருக்கும்.

மாற்ற வேண்டியது பெரிய குட்டிகளை. பரிதாபப்பட்டுச் சின்னதைத் தூக்கிப் புதுத் தாயிடம் விட்டால், அங்கே புதிய எதிரிகளோடு முதலிலிருந்து சண்டை. பெரியது எங்கே போனாலும் ஒரு காம்பைப் பிடித்துக்கொள்ளும். வேலை செய்யும் காம்புகளை எண்ணி, அந்த எண்ணுக்கு மேல் ஒரு குட்டியும் விடாதீர்கள். ஒரு முறை மாற்றினால் முடிந்தது. தினமும் எடை சமப்படுத்துகிறேன் என்று மாற்றிக்கொண்டே இருக்கும் கொட்டில்களில் நோயும் குட்டியோடு சேர்ந்து மாறிக்கொண்டே இருக்கிறது.

தாயை மறக்காதீர்கள். காலை, மாலை வெப்பம் பாருங்கள். 39.5-ஐத் தாண்டி, தீனி ஒதுக்கி, மடியை அடியில் வைத்துக் குப்புறப் படுத்து, குட்டிகள் ஓயாமல் கத்தினால் மருத்துவரை அன்றே கூப்பிடுங்கள். நசுங்குவது பெரும்பாலும் முதல் மூன்று நாளில்தான். தாய் எழுந்து தின்னும் நேரமெல்லாம் குட்டிகளைப் பெட்டிக்குள் அடைத்து, படுத்த பிறகு திறந்துவிட்டால் ஆபத்து குறையும்.

மூன்றாம் நாள் இரும்புச்சத்து ஊசி, 200 மில்லிகிராம், கழுத்துத் தசையில். குட்டி பிறக்கும்போது 50 மில்லிகிராம் அளவுக்கே இரும்பு இருக்கும். நாளைக்கு 7 மில்லிகிராம் வேண்டும், தாய்ப்பாலில் கிடைப்பது ஒன்றுதான். குட்டிகளின் கூரிய பல்லை வெட்டுவதை நான் விட்டுவிட்டேன். முகத்தில் காயம் வரும் அளவுக்குக் குட்டிகள் சண்டையிட்டால் பால் குறைவு என்று அர்த்தம், அதைத்தான் சரிசெய்ய வேண்டும்.

ஐந்தாம் நாள் எண்ணிக்கை

இனப்பெருக்கத்துக்குத் தாய் தேர்ந்தெடுப்பவர்கள் ‘ஒரே ஈற்றில் 17 போட்டது’ என்பதைப் பெருமையாகச் சொல்வார்கள். டென்மார்க்கில் அப்படித்தான் பிறக்கும் எண்ணிக்கைக்காகத் தேர்ந்தெடுத்துக்கொண்டே போனார்கள்; குட்டிச் சாவும் கூடிக்கொண்டே போனது. 2004-இல் தேர்வின் இலக்கையே மாற்றி, ஐந்தாம் நாள் எத்தனை உயிரோடு இருக்கின்றன என்பதைக் கணக்கில் எடுத்தார்கள். சின்னப் பண்ணைக்கும் அந்த எண் போதும். சீனாவின் மெய்ஷான் இனம் நிறையக் குட்டி போடும், குட்டிகள் சிறியவை, ஆனாலும் நன்றாகப் பிழைக்கின்றன. பிறக்கும்போதே உடம்பு முதிர்ந்திருப்பதும், ஈற்றுக்குள் எடை வித்தியாசம் குறைவாக இருப்பதும் முக்கியக் காரணங்கள். அதனால் சராசரி எடையோடு, மிகப் பெரியதுக்கும் மிகச் சிறியதுக்கும் உள்ள வித்தியாசத்தையும் எழுதுங்கள்.

குட்டிகள் பிழைக்கும் திறன் மரபு வழியில் அடுத்த தலைமுறைக்குக் கொஞ்சமாகத்தான் இறங்கி வரும். காம்புகளின் எண்ணிக்கை அதைவிட நன்றாகவே இறங்கி வருகிறது. எனவே அடுத்த தலைமுறைத் தாயாக வைக்கப்போகும் பெண் குட்டியைப் பிறந்த அன்றே புரட்டிக் காம்பை எண்ணிவிடுங்கள். 16 இருந்து, உள்வாங்கிய காம்பு ஒன்றும் இல்லாமல், தாயின் பிரிக்ஸ் எண்ணும் ஐந்தாம் நாள் எண்ணிக்கையும் நன்றாக இருந்தால், நான் அந்தக் குட்டியின் காதில் அன்றே அடையாளம் போட்டுவிடுவேன். என் நோட்டில் ஒவ்வொரு ஈற்றுக்கும் ஒரு பக்கம்: கடைசித் தீனி மணி, முதல் குட்டி மணி, கடைசிக் குட்டி மணி, ஒவ்வொரு குட்டிக்கும் பிறந்த எடை, மறுநாள் எடை, கை விட்டேனா, பிரிக்ஸ், ஐந்தாம் நாள் எண்ணிக்கை. பேனா ஈரத்தில் எழுதாது, பென்சில் வைத்துக்கொள்ளுங்கள்.